சும்மா திரும்பாத பை

“சும்மாத்தானே போற?”

அந்த அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். பேரைக் கேட்கவில்லை, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நான் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு தையல் கடை உண்டு. அதன் வாசலில் நின்றுகொண்டு, வெறுங்கையோடு ஓடுகிறவன் எவன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சிக்கினேன். வாயைத் திறப்பதற்குள் ஒரு துணிப்பை என் தோளில் ஏறிவிட்டது.

“ஒயிட்ஃபீல்டுல ஒரு பொண்ணு வந்து வாங்கிக்கும். பையிலயே நம்பர் தெச்சிருக்கேன். ஓடு ஓடு, வண்டி வந்துடுச்சி.”

ஓடினேன். ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. யார் இவர்? நான் என்ன இவர் வீட்டுக் கூலியாளா? பையைத் திறந்து பார்த்தேன். ஒரு டிபன் பாக்ஸ், மடித்து வைத்த சுடிதார், ஒரு மூக்குக்கண்ணாடி. ஒயிட்ஃபீல்டில் இறங்கியதும் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கண்ணாடியை அங்கேயே எடுத்து மாட்டிக்கொண்டு, “ரெண்டு நாளா ஒன்னுமே தெரியல அண்ணா, தடவிக்கினுதான் வேலைக்குப் போனேன்” என்றாள். அதற்கப்புறம் எங்கே கோபப்படுவது? மறுநாள் காலை நானே கடைப்பக்கம் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

கோலார் தங்கவயல் என்கிற எங்கள் கே.ஜி.எஃப்.பில் காலை ரயில் என்பது ஊரில் பாதி. நர்ஸ், செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ், கம்ப்யூட்டர், கொத்தனார் என்று எல்லோரும் அதில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போய், அதில்தான் திரும்புகிறோம். அத்தனை ஆயிரம் பேர் தினமும் போகிறார்கள். அதில் பெரும்பாலோர் கையில் ஒரு டிபன் பாக்ஸைத் தவிர ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் கண்ணுக்கு அது கூட்டம். அந்த அக்கா கண்ணுக்கு மட்டும் அது காலியாகப் போகிற சரக்கு வண்டி.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டுவார். புதிதாக யாராவது பையின்மேல் பெரிய எழுத்தில் பெயரை எழுதிக்கொண்டு வந்தால், “பேரு இன்னாத்துக்கு? அது எங்க போய்ச் சேரணும்னு எழுது” என்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. எழுபது வயது பாஸ்டருக்கும் அக்கா.

அந்தப் பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேன்ட் உயரம் குறைக்கக் கொடுத்தால் வெட்டிய துணி மிஞ்சும் இல்லையா, அதைச் சேர்த்துத் தைத்த பைகள் அவை. ஒரு பையில் நான்கு பேருடைய பேன்ட் இருக்கும். ஒருமுறை என் பழுப்பு நிறப் பேன்ட்டின் முனை யாரோ ஒருவர் கையில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். காசு கிடையாது. இன்று நீ ஒருவருக்குக் கொண்டுபோனால் நாளைக்கு உன் பையை வேறொருவர் கொண்டுபோவார், அவ்வளவுதான். ஒரே ஒரு சட்டம் மட்டும் உண்டு. பை திரும்பி வரவேண்டும். வரும்போது அதற்குள் ஏதாவது இருக்கவேண்டும். கொத்தமல்லிக் கட்டு ஒன்றாக இருந்தாலும் போதும்.

ஏன் அக்கா இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டேன்.

“பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்துல கொழம்பு குடுத்தா, கிண்ணத்தக் கழுவிச் சும்மாவா திருப்பிக் குடுப்ப? ஒரு வாழப்பழமாவது வெச்சித்தானே குடுப்ப. இன்னா பெருசா கேக்கறே, உங்க அம்மா வளத்த புள்ளதானே நீ?”

அவருக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. எந்தக் கையும் காலியாக இருக்கக்கூடாது. கல்யாண மாப்பிள்ளை மாலையோடு காரில் ஏறியபோது, கார் எலஹங்கா பக்கம் போகிறது என்று கேள்விப்பட்டு அவன் மடியில் ஒரு பையை வைத்தார். அவனும் மறுக்கவில்லை, கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அந்தப் பை இருக்கிறது. பாஸ்டர் சபைக் கூட்டத்துக்கு பெங்களூர் போனால் வேதாகமத்தோடு யாருடைய பிரஷர் மாத்திரையாவது போகும். ஒருமுறை திருடனைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறிய கான்ஸ்டபிளிடமும் கேட்டுவிட்டார். “இவன் கையில விலங்கு கீது சரி, உங்க கை சும்மாத்தானே கீது?”

என்னையும் ஒருநாள் கவிழ்த்தார். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ. இஸ்திரி போட்ட சட்டை, டை எல்லாம் கட்டிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்தேன். விடுவாரா? பை வந்து தோளில் விழுந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் காலையில் வரவில்லை, சாயங்காலம்தான் வருவாராம். உள்ளே என்ன என்று பார்க்காமல் இன்டர்வியூ அறைக்குள் கொண்டுபோனேன். கருவாடு! மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். மூவரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்து அவர் கடை வாசலில் நின்று கத்தினேன்.

அவர் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. “வேல கெடைக்கலன்னா கருவாடு மேல பழியா? கருவாடு போய்ச் சேந்துச்சா இல்லியா, அத சொல்லு.”

“சேந்துச்சி.”

“அப்புறம் இன்னா? ஒரு வேலையாவது இன்னிக்கு முடிஞ்சிச்சே.”

இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. அந்த இரண்டு மாதமும் பை மட்டும் தவறாமல் தோளுக்கு வந்தது.

பதினோரு வருஷம் அந்த ரயிலில் போய்வந்தேன். கடைசி ஏழு வருஷம், பொருட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு கம்பெனியில் வேலை. எந்த வண்டியில் எந்தச் சரக்கு என்று திட்டம் போடுவது என் பொறுப்பு. விடியுமுன் கிளம்பி, ஊர் அடங்கும்போது திரும்புவேன். என் மகள் பிறந்து நடந்து பேசி ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வார நாட்களில் நான் அவளைத் தூங்கும் முகமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அம்மாவிடம், “அப்பா இன்னிக்கு நம்ப வீட்டுக்கு வந்திருக்காங்களா?” என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பேட்டரி வண்டிகளுக்கு மாறத் தொடங்கியது. சரக்கு அனுப்புகிற பெரிய கடைக்காரர்கள் எல்லாம், எங்கள் பொருள் புகை விடாத வண்டியில்தான் போகவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்னக் கிட்டங்கி திறந்தார்கள். நான்கு பேட்டரி வண்டிகள், நான்கு சார்ஜர், நான்கு டிரைவர்கள். நான்கு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். அதற்குப் பொறுப்பாளன் நான். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். என் மகளைத் தினமும் நானே ஸ்கூலில் விட்டேன். சொர்க்கம் என்றால் இதுதான் என்று இருந்தேன்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெங்களூரிலிருந்து மேனேஜர் மேடம் வந்தார். சின்ன வயது, கன்னடக்காரப் பெண், ரொம்பக் கெட்டி. வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினார்.

“நோடி ஸார், இதப் பாருங்க. புகை இல்ல, சத்தம் இல்ல, சரி. காலையில இங்கேந்து பெங்களூர் பக்கத்துல ஹொசக்கோட்டை கோடவுனுக்குப் போகும்போது உள்ள சரக்கும் இல்ல. வரும்போது மட்டும் ஃபுல். ஒரு வேளை காலியா ஓடற வண்டிக்குக் கரண்ட்டு வேஸ்ட்டு, டிரைவர் வேஸ்ட்டு. மூணு மாசம் டைம் தரேன். போற வண்டியில பாதியாவது நிரம்பணும். இல்லேன்னா இந்த இடத்தை மூடிட்டு, வாரத்துக்கு ரெண்டு நாள் டீசல் லாரி ஒன்னு அனுப்பிச்சிடுவாங்க.”

அப்படி மூடினால் நான்கு டிரைவர்களும் வீட்டுக்குப் போகவேண்டும். நான் மறுபடியும் அந்த ரயிலுக்குப் போகவேண்டும். என் மகள் மறுபடியும் தூங்கும் முகமாகிவிடுவாள். அந்த மூன்று மாதத்தில் முதல் மாதம் முழுக்க நான் தெருத்தெருவாக அலைந்தேன். பெங்களூருக்கு அனுப்ப ஏதாவது சரக்கு இருக்கிறதா என்று கடைகடையாகக் கேட்டேன். “இங்கேந்து அங்க அனுப்ப இன்னா சார் கீது? ஆளுங்கதான் கீறாங்க” என்று சிரித்தார்கள்.

அக்காவிடம் நான் போகவில்லை. நான் படித்தவன், சரக்குத் திட்டம் போடுகிறவன் என்ற மண்டைக்கனம்தான் காரணம். அவர்தான் வந்தார். எங்கள் டிரைவர் சேகர் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கடையைத் தாண்டியபோது, நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். வண்டியின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார். டங்கென்று சத்தம் வந்ததாம்.

“உள்ள இன்னாடா கீது?”

“ஒன்னும் இல்லக்கா.”

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

அப்படியே அந்த வண்டியில் ஏறிக் கிட்டங்கிக்கு வந்துவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். யாரோ ஒரு படி அரிசியைச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்தவர் முகம். “இம்மாம் பெரிய வண்டி. நாலு வண்டி. தெனமும் சும்மா போகுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணல உனக்கு?” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் கேட்டில் நின்றுகொண்டார். அடுத்த நாள் மாரியம்மன் கோயில் வாசல், அதற்கடுத்த நாள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். கேள்வி ஒன்றுதான். “உங்க வீட்லேந்து பெங்களூருக்குப் போகவேண்டியது இன்னா கீது?” நான் முழு லாரிக்கு ஆகும் சரக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பையைத் தேடினார். சாம்பியன் ரீப்ஸ், கோரமண்டல் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் நாற்பது பெண்கள் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெங்களூர் கே.ஆர். புரத்தில் இருக்கிற ஒரு கான்ட்ராக்டர் வெட்டின துணியை டெம்போவில் அனுப்புவார். டெம்போ வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. “அந்தத் துணிய நம்ப வண்டி எடுத்துகினு வரட்டும், தெச்சத நம்ப வண்டி எடுத்துகினு போகட்டும்” என்று போனில் அவரிடம் பேசி முடித்துவிட்டார். மார்க்கெட் கடைகளில் எரித்துக்கொண்டிருந்த காலி அட்டைப்பெட்டிகளைத் தட்டி மடிக்கச் சொன்னார், ஹொசக்கோட்டையில் பழைய பேப்பர் வாங்குகிறவருக்குப் போனது. அளவு சரியில்லை என்று ஜனங்கள் திருப்பி அனுப்புகிற பார்சல்களையும் எங்கள் வண்டிக்கே வரவழைத்தார்.

இரண்டாவது மாதக் கடைசியில் வண்டியின் பின்கதவை மூடச் சேகர் தோளால் முட்டவேண்டியிருந்தது. நான் ஒரு ஓரமாக நின்று அழுதேன் என்று சேகர் எல்லோரிடமும் சொல்லுவான். பொய். கண்ணில் தூசி.

இத்தனை புகழ்ந்த பிறகு அவர் செய்த தப்பையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லுவார்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். ஸ்கூல் திறக்கிற நாள். எண்பத்து நான்கு கட்டு யூனிஃபார்ம் பத்து மணிக்குள் கே.ஆர். புரம் போயாக வேண்டும். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டுதான் விழாவில் நிற்கவேண்டுமாம். தவறினால் இனி உங்களுக்கு ஒரு முழத் துணி கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அந்த லோடு கைவிட்டுப் போனால் எங்கள் கணக்கில் பாதி வண்டி எங்கே நிரம்பப் போகிறது? முந்தின ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததால் சேகர் வண்டி முழுசாகச் சார்ஜ் ஏறவில்லை. நேராகப் போனால் தாராளமாகப் போதும் என்று அவன் சீக்கிரமே கிளம்பினான்.

தையல் கடை வாசலில் அக்கா நிறுத்தினார். பின்கதவைத் திறந்து பார்த்தார். ஒரு மூலையில் கொஞ்சம் இடம் இருந்தது.

“எடம் கீதே! பேத்தமங்கலம் போய் ஆறு மூட்ட ராகி ஏத்திக்கோ. ஒயிட்ஃபீல்டு ஹாஸ்டல்ல கேட்டுகினே கீறாங்க.”

“அது எதிர்ப்பக்கம்க்கா.”

“நேரம் கீது இல்ல? பத்து மணிக்குத்தானே?”

அவர் வாழ்நாள் முழுக்க ரயிலில் பை ஏற்றிப் பழகியவர். ரயிலில் இன்னொரு மூட்டை ஏற்றினால் ரயில் மூச்சு வாங்குமா? இடம் இருந்தால் ஏற்று, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பேட்டரி வண்டி பாரத்துக்குப் பாரம், தூரத்துக்குத் தூரம் சார்ஜ் கரைகிற வண்டி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த சேகர் அவருக்கு எதிரே வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் எவன்தான் திறப்பான்?

பங்காரப்பேட்டை ஸ்டேஷன் அருகே போனபோது வண்டி சிவப்பு விளக்குக் காட்டியது. இனி கே.ஆர். புரம் வரைக்கும் போகாது. சார்ஜ் போட்டால் மூன்று மணி நேரம். சேகர் எனக்குப் போன் செய்து ஏறக்குறைய அழுதான். மற்ற மூன்று வண்டிகளும் வேறு வேறு பக்கம் போய்விட்டிருந்தன. முகூர்த்த நாள், ஒரு டெம்போவும் கிடைக்கவில்லை.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தையல் கடைக்குப் போனேன். ரயிலுக்குப் போகிற ஜனங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். “உங்களுக்கு எல்லாத்தையும் நிரப்பணும்! ஒரு மூலை காலியா இருந்தா தூக்கம் வராது! அஞ்சு குடும்பத்தோட வேலை போச்சு அக்கா. என் பொண்ணு…” அதற்குமேல் பேச முடியவில்லை.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மாரிக்குப்பம் ரயிலு இப்ப எங்க வருது?”

“இன்னும் அஞ்சு நிமிஷத்துல இங்க வந்துடும்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“சேகருக்குப் போன் போடு. கட்டு எல்லாத்தையும் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்துல கொண்டாந்து வெக்கச் சொல்லு. கான்ட்ராக்டர கே.ஆர். புரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. எனக்கு ஒருத்தர் டிக்கெட் எடுங்கப்பா.”

அவர் ரயிலில் ஏறினார். நான் பைக்கில் பறந்தேன். நான் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் கால் வைக்கவும் ரயில் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சேகரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் கட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ரயில் நிற்பதற்கு முன்பே ஒவ்வொரு கதவிலிருந்தும் கைகள் நீண்டிருந்தன. கோரமண்டலிலிருந்து இங்கே வருவதற்குள் அவர் பெட்டி பெட்டியாக நடந்து எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். சீட்டாடுகிறவர்கள் சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நர்ஸ் பெண்கள், வாட்ச்மேன்கள், லேப்டாப் பையை முதுகில் மாட்டிய பையன்கள். நடுவில் ஒரு கதவில் அக்கா நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“ஆளுக்கு ஒன்னு! ஒன்னே ஒன்னு! கே.ஆர். புரத்துல எறக்கிடுங்க! இன்னா சார், உங்க கை சும்மாத்தானே கீது?”

கடைசியில் கேட்டது டிக்கெட் பரிசோதகரிடம். அவர் ஒரு நொடி முறைத்தார். பிறகு அவர் கையிலும் ஒரு கட்டு இருந்தது. ரயில் கிளம்பியபோது பிளாட்பாரத்தில் ஒரு கட்டும் மிச்சமில்லை. கடைசிக் கட்டோடு நானும் ஓடி ஏறிக்கொண்டேன். ராகி மூட்டைகள் மட்டும் வண்டியிலேயே இருந்தன. அவற்றைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

எட்டு ஒன்பது மாதமாக ஏறாத ரயில். மடியில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் எல்லோர் மடியிலும் நீலத் துணி. என்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், பாதிப் பேருக்கு எதற்கு என்றுகூடத் தெரியாது, அக்கா சொன்னார் என்று வைத்திருந்தார்கள். என்னத்தைச் சொல்ல, எனக்கு என் ஊரை நினைத்து அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. கத்தியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கே.ஆர். புரத்தில் எண்ணினோம். எண்பத்து மூன்று. கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். “வரும்” என்றார். தூங்கிப்போய் கண்டோன்மென்ட் வரைக்கும் போய்விட்ட ஒரு வாட்ச்மேன், எதிர் ரயிலைப் பிடித்து, வேலைக்கு லேட் ஆனாலும் பரவாயில்லை என்று அந்த ஒரு கட்டோடு ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். “மன்னிச்சுக்கோங்கக்கா, ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்துச்சா, தூக்கமே இல்ல” என்று அவரிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் அக்கா கிட்டங்கிக்கு வந்தார். “ரயிலுக்குப் பழகினவ நான். உங்க வண்டிய ஒரு வார்த்த கேக்காம பாரத்த ஏத்திட்டேன். என் தப்பு” என்றார். அதோடு விடவில்லை. சேகர் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு தூரம் குறையும் என்று பாதி நாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து எந்த வண்டியை நிறுத்தினாலும் முதல் கேள்வி, “மூச்சு கீதா?” சார்ஜ் இருக்கிறது என்று டிரைவர் சொன்ன பிறகுதான் பின்கதவைத் தொடுவார்.

மேனேஜர் மேடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு முதலில் என்னைத் திட்டினார். கம்பெனிச் சரக்கைக் கண்டவர் மடியில் ஏற்றுவதா என்று அரை மணி நேரம். பிறகு மூன்று மாதக் கணக்கைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கிட்டங்கி நிலைத்தது. அக்காவை நேரில் பார்த்து, கம்பெனியில் வேலை தருகிறேன் என்று கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டைகூடக் கொடுத்தார்.

“வேணாம்மா. இப்ப நான் அக்கா, சொன்னா கேக்கறாங்க. உங்க அட்டைய மாட்டிக்கினா நான் ஆபீஸு. அப்புறம் யாரு கேப்பா?” என்று திருப்பிக் கொடுத்தார். அட்டையை மட்டும்தான் கொடுத்தார். அதைத் தொங்கவிட்ட நாடா நல்ல கெட்டியாக இருந்ததால் ஒரு பைக்குக் காது வைத்துவிட்டார்.

போன வருஷம் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. மெஷினை மிதிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வந்து, இனிமேல் இங்கே தனியாக விடமாட்டேன் என்று அழைத்துக்கொண்டு போனாள். காலை ரயிலில் பெங்களூர் போய், அங்கிருந்து வேறு ரயில். கோரமண்டல் ஸ்டேஷனில் அன்று நிற்க இடமில்லை. பெட்டிகளை மருமகன் தூக்கினார், தண்ணீர் பாட்டிலை மகள் வைத்துக்கொண்டாள், தலையணையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அக்கா ஒன்றையும் தூக்கக்கூடாது என்று எல்லோரும் போட்டி போட்டார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிரித்தார், எல்லோருக்கும் பதில் சொன்னார். ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், ஜன்னல் கம்பியில் வைத்தார், மறுபடியும் மடியில் வைத்தார். பார்க்க முடியவில்லை எனக்கு. அவர் இல்லாத கடையைத் தாண்டி நாளைக்கு எப்படி நடப்பேன்?

அப்போதுதான் கையில் வைத்திருந்த பை நினைவுக்கு வந்தது. சேகர் காலையிலேயே வண்டியோடு கே.ஆர். புரம் போய்விட்டான், டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனான். ரயிலில் போகிற யாரிடமாவது கொடுக்கலாம் என்று அவன் மனைவி என்னிடம் தந்திருந்தாள். ஜன்னலுக்குப் போய் அதை நீட்டினேன்.

“அக்கா, சும்மாத்தானே போறீங்க?”

ஒரு நொடி என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. மறுநொடி பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நம்பர் எழுதல. முடிச்சு இன்னா முடிச்சு இது, வழியிலயே அவுந்துடும். எத்தன வருஷம் தூக்கின, இன்னும் கத்துக்கலியே.” முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே, “யாரு வாங்கிக்குவா?” என்றார்.

“கே.ஆர். புரத்துல உங்க ஜன்னலுக்கே சேகர் வருவான்.”

ரயில் கிளம்பியது. இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் சேகர் சரக்கோடு திரும்பி வந்து, வண்டியை நிறுத்தியதும் முதலில் அந்தப் பையைத்தான் என்னிடம் கொடுத்தான். உள்ளே கழுவிய டிபன் பாக்ஸ். அவன் ஜன்னல் ஓரம் நின்று அவசரமாகச் சாப்பாட்டை வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டதாம், பாக்ஸைத் தன் பாட்டில் தண்ணீரில் அக்காவே கழுவினாராம். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு கொய்யாப்பழம்.

“ரயில்ல வித்தத வாங்கி வெச்சிருந்தாங்க. ‘வண்டி மூச்சு கீதா’ன்னு கேட்டாங்க. ‘கீதுக்கா’ன்னேன். ‘அப்ப இத எடுத்துகினு போ, பை சும்மா போகக்கூடாது’ன்னாங்க” என்றான் சேகர்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெளிச்சம் இருந்தது. என் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு கொய்யாவை அவள் தின்றாள், ஒன்றை நான் தின்றேன்.

பை என்னிடம்தான் இருக்கிறது. என் பழுப்புப் பேன்ட்டின் முனை அதில் ஒரு பக்கம். வெறும் பையாகத் திருப்பி அனுப்ப முடியாது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நல்ல கருவாடாக வாங்கிக் கட்டி வைத்திருக்கிறேன். முடிச்சு இந்த முறை கெட்டி, நம்பரும் எழுதியிருக்கிறேன். நீங்கள் கோயம்புத்தூர் பக்கம் போகிறவராக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சும்மாத்தானே போகிறீர்கள்?